பேச விடுதல்

திருக்குறளில் ‘கேள்வி’ 42ஆம் அதிகாரம். பொருட்பாலில், ஆள்பவனுக்கு வேண்டிய தகுதிகளோடு நிற்கிறது. ‘அருளுடைமை’ 25ஆம் அதிகாரம். அறத்துப்பாலில், துறவறவியலைத் தொடங்கி வைக்கிறது. வள்ளுவர் சொல்லும் கேள்வியால் பயனடைபவர் கேட்பவரே. அவருடைய அறிவு வளர்கிறது. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பேசுகிறவருக்குப் பயன் போய்ச் சேருகிற இன்னொரு வகைக் கேட்டல். அதன் இடம் அருளுடைமைக்குப் பக்கத்தில் என்பதே என் வாதம். அருள் என்றதும் நமக்குச் சோறும் மருந்தும் பணமும் நினைவுக்கு வருகின்றன, காது வருவதில்லை. கேட்பதை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

மருத்துவர் அறையைப் பாருங்கள். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புகளில் நோயாளி வந்த விஷயத்தை முழுக்கச் சொல்லி முடித்தது 17இல் மட்டுமே. குறுக்கீடு வர சராசரியாக 18 விநாடி போதுமாக இருந்தது. வயிற்றெரிச்சல் என்று ஆரம்பிக்கிற பெண்ணிடம் “எத்தனை நாளா?” என்று கேட்டால் நாள் கணக்கு கிடைக்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ராத்திரித் தூக்கம் போனது வந்திருக்கும். அதன் பின்னால் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பதும் வந்திருக்கும். வாசலில் நூறு பேர் ஓ.பி. சீட்டோடு நிற்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் 335 பேர். அவர்களாக நிறுத்தும்வரை மருத்துவர் வாய் திறக்கக் கூடாது. சராசரியாக அவர்கள் பேசியது 92 விநாடி. ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் தேவையானதுதான் என்று அவரவர் மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள். நாம் இவ்வளவு நாள் அஞ்சியது இந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான். ஆனால் ஆளுக்கு இரண்டு நிமிடமே கிடைக்கிற இடத்தில் ஒன்றரை நிமிடமும் பெரிது. அங்கே மருத்துவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பணியிடங்களைக் கூட்டச் சொல்லி அரசைத்தான் கேட்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கடனில் தவிப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கடன் அடைந்துவிடுமா? அடையாது. ஆனால் ஜிம்பாப்வேயில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் அரிதாகவே இருந்த அந்நாட்டில், அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பாட்டிமாரைப் பழக்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரபெஞ்சு. அதில் பாட்டியும் மனம் நொந்து வந்தவரும். பாட்டி முதலில் கேட்பார். பிறகு இருக்கிற தொல்லைகளில் எதை முதலில் எடுப்பது என்று வந்தவரையே முடிவு செய்ய வைப்பார். 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது நூற்றுக்குப் பதினான்கு. அந்தப் பாட்டிமார் கடனை அடைக்கவில்லை. பிரச்சினை இன்னதென்று தெரியாமல் நீட்டுகிற உதவி பல சமயம் கொடுப்பவரின் மனநிறைவோடு நின்றுவிடுகிறது. காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் எதை, எப்போது கொடுப்பது என்று தெரியும்.

கேட்கிற வேலையை, அதற்கென்று படித்த நிபுணர்களிடம் விட்டுவிடலாமே என்பவர்களுக்கு லண்டன் பாதிரியார் சாட் வாராவின் அனுபவம் பதில் சொல்லும். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக அவர் 1953இல் ஒரு தொலைபேசி வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். அவர்களிடம் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போனார்கள். மறு ஆண்டே அவர் அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். அதுதான் சமாரிடன்ஸ் அமைப்பு. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சினேகா’வும் தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது. வாய் நிறைய அறிவுரை வைத்திருக்கிற நம் ஊரில், “நான் சொல்றதக் கேளு” என்று ஆரம்பிக்காமல் இருக்க ஒருவரைப் பழக்குவது லேசான வேலையில்லை.