காவலரை ஏமாற்றும் காய்ச்சல்



நாம் இருப்பது கிழக்கேகோட்டையில். கோட்டை வாசலைத் தினமும் பார்க்கிறோம். மன்னர் காலத்தில் கோட்டைக்குக் காவலர்கள் இருந்தார்கள். நம் உடம்பும் ஒரு கோட்டைதான். இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அதன் காவலர்கள். கிருமி நுழைந்தால் அதைப் பிடித்து விழுங்கி அழிப்பது அவர்கள் வேலை.

அந்தக் காவலருக்குள்ளேயே குடிபுகும் கிருமி ஒன்று உண்டு. அதுதான் டெங்கு வைரஸ். கேரளத்தில் 1997-இல் கோட்டயம் மாவட்டத்தில் டெங்கு தெரியவந்தது. 2003-இல் மாநிலத்தில் 3,500 பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. நம் திருவனந்தபுரம் மாவட்டமும் மிகவும் பாதிக்கப்பட்டது.

"எனக்கு ஒரு தடவை டெங்கு வந்து போய்விட்டது. இனி பயமில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா? சரியல்ல.

டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால், அதே வகை மீண்டும் தாக்காது. அதைப் பிடிக்க உடம்பு எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்திருக்கும். அது கைவிலங்கு மாதிரி. அடுத்த முறை வேறு வகை வந்தால்? பழைய விலங்கு புதுத் திருடன் கையில் சரியாகப் பூட்டாது. சும்மா தொங்கும். விலங்கைப் பார்த்த காவலர், அவனைப் பிடிபட்டவன் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்வார். உள்ளே போன வைரஸ் சாகாது. அங்கேயே பெருகும். அதனால்தான் இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாகிறது.

வைரஸ் புகுந்த காவலர்கள் அபாய மணி அடிப்பதுபோல் சில இரசாயனங்களை வெளிவிடுகிறார்கள். அவை அளவு மீறினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். இரத்தத்தில் உள்ள நீர் வெளியேறும். இரத்தம் உறையத் துணை செய்யும் தட்டணுக்களும் குறையும். ஈறிலும் மூக்கிலும் இரத்தம் வரலாம். இரத்த அழுத்தம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கசிவு எப்போது வரும்? பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும். "காய்ச்சல் விட்டது, சாலைக் கடைக்கு வேலைக்குப் போகலாம்" என்று கிளம்பாதீர்கள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். அது இரத்தக் கசிவைக் கூட்டும். டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறையக் குடிக்க வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு பகலில் கடிக்கும். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டினால் கொசு பிறக்காது. சிரட்டை, பழைய டயர், பூத்தொட்டித் தட்டு, கடைக்கு மேல் கட்டிய தார்ப்பாய், எல்லாவற்றையும் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோமா? நம் கோட்டையை நாமே காப்போம்.