கண் நல்லாயிருக்கு; பார்வை?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் கண் வைத்தியம் பேச வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு. மாமல்லபுரத்தில் என் அக்கா வீடு. மாமா கல் சிற்பி. அவர்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவன், பெருமூளை வாதம். அஞ்சு மாசமாகியும் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. சோதித்த ஓரிடத்தில் "கண் நல்லாயிருக்கு" என்றார்கள். நாங்களும் "வளர வளர சரியாயிடும்" என்று நாலு மாதத்தைத் தொலைத்தோம்.

பிறகுதான் புரிந்தது. கேமரா சரி, படத்தைப் புரிந்துகொள்ளும் சர்க்யூட்டில் கோளாறு. இதை மூளைவழிப் பார்வைக் குறைபாடு என்கிறார்கள். கண்ணுக்குள் மட்டும் பார்த்தால் பிடிபடாது.

பேசாத குழந்தையை எப்படிச் சோதிப்பது? வெறும் பரப்பைவிடக் கோடு போட்ட பரப்பையே குழந்தை விரும்பிப் பார்க்கும். சாம்பல் நிற அட்டையில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். அந்தப் பக்கம் பார்வை போனால் கோடு தெரிகிறது. பிறகு இன்னும் மெல்லிய கோடு. அமெரிக்காவில் டேவிடா டெல்லர் குழுவினர் 1980-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. கணக்கும் நம்ம கணக்குதான்: 57 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. என்பது 1 டிகிரி.

இந்தக் குழந்தைகள் பலருக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது. அதைச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். மருந்து விட்ட பிறகு பவர் பார்ப்பார்கள். சாதாரணக் கண்ணாடியே பெரிய உதவி செய்யலாம்.

வீட்டு வேலை இன்னும் எளிது. கழுத்தைத் தாங்கி உட்கார வையுங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். பின்னால் கறுப்புத் துணி, முன்னால் ஒரே ஒரு பொருள். நாய்ஸைக் குறைச்சா சிக்னல் தெரியும் என்று இந்த வகுப்பறையில்தானே படிச்சோம்! அப்புறம் காத்திருங்கள், பதில் தாமதமாகத்தான் வரும்.

ஒருநாள் மாமா சிவப்புப் பந்தை மெல்ல அசைத்துவிட்டுக் காத்திருந்தார். கண் தயங்கித் தயங்கி வந்து பந்தில் நின்றது. உளி பிடித்த அந்தக் கை அன்றைக்கு நடுங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா முகத்தைத் தேடுகிறான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மூன்று மாதமாகியும் குழந்தை முகத்தைப் பார்க்கவில்லையா? காத்திருக்காதீர்கள். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. "கண் சரியா?" என்பதோடு நிற்காமல், "பார்க்கிறானா?" என்றும் கேளுங்கள்.