நோய்க்கு ஊரடங்கு இல்லை

(நாட்பட்ட நோயாளர் நலன் குறித்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை இந்நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொவிட் என்னும் கொள்ளைநோயைத் தடுக்க அது வேண்டியிருந்தது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. பஸ் வண்டிகள் நின்றன, சந்தைகள் நின்றன, மாதந்தோறும் கிளினிக்குச் செல்லும் முதியவரின் பயணமும் நின்றது. ஆனால் அவர் உடலிலிருந்த நோய் நிற்கவில்லை!

நீரிழிவு முதலில் காலின் உணர்ச்சியைக் கவரும். பின்னர் காலையே கேட்கும். உயர் குருதியமுக்கம் முன்னறிவித்தலின்றிப் பாரிசவாதமாய் வந்து வீழ்த்தும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ கிழமைக்கு இரண்டு மூன்று முறை குருதியைச் சுத்திகரித்தாக வேண்டும்.

இவ்விடர் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அவ்வாண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தது. நூற்றுக்கு 53 நாடுகளில் குருதியமுக்கச் சிகிச்சையும், 49 நாடுகளில் நீரிழிவுச் சிகிச்சையும், 42 நாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையும் முற்றாகவோ பகுதியாகவோ தடைப்பட்டிருந்தன. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, ஜூன் மாத முடிவில், வளர்ந்தோருள் நூற்றுக்கு 41 பேர் தொற்றுக்கு அஞ்சி வைத்தியத்தைப் பிற்போட்டோ தவிர்த்தோ இருந்தனர்.

நம் நாட்டில் தபாற்காரர்கள் நோயாளரின் வீடு தேடி மருந்து கொண்டு சென்றார்கள். அத்தொண்டை நாம் மறத்தலாகாது. எனினும், மாத்திரையைத் தபாலில் அனுப்பலாம். குருதியமுக்கத்தைத் தபாலில் அளக்க முடியுமா? காற்புண்ணைத் தபாலிற் பார்க்க முடியுமா? குளிரில் வைத்துக் காக்கவேண்டிய இன்சுலினைத் தபாற்பையில் வெயிலூடே அனுப்ப முடியுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் கிளினிக் நோயாளரின் இடாப்பை இன்றே ஆயத்தஞ் செய்யட்டும். இடர் அறிவிக்கப்படும் நாளிலேயே இரு மாத மருந்து வழங்கப்படட்டும். குருதிச் சுத்திகரிப்புக்குச் செல்வோருக்கு வாகனம் ஒதுக்கப்படட்டும். தாதியர் வீடு சென்று பார்க்கட்டும். அறிவித்தல்கள் நோயாளி படிக்கும் மொழியில் வெளிவரட்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

கொள்ளைநோயால் மாண்டோரை நாள்தோறும் எண்ணி அறிவித்தார்கள். சிகிச்சை பிந்தியதாற் காலிழந்தோரை, கண்ணொளி இழந்தோரை எவர் எண்ணினார்? எண்ணப்படாத துன்பமும் துன்பமேயன்றோ!

அரசிடம் கேட்டேன், உங்களிடமும் ஒன்று கேட்கின்றேன். இன்றிரவு உங்கள் வீட்டு முதியவரின் கிளினிக் கொப்பியை எடுத்துக் கடைசித் திகதியைப் பாருங்கள். தவணை தவறியிருப்பின், நாளைக் காலையே அவரை அழைத்துச் செல்லுங்கள்.