விருந்தாளியைத் தேடும் விருந்து

(தலைப்பு: மெக்சிகோ சாப்பாட்டில் மனத்தை நிறைப்பது கம்பெனிக் கடையா? குடும்பக் கடையா? ‘குடும்பக் கடையே’ என்னும் அணியில் பேசியது.)

சிரித்துக்கொண்டே சிந்திக்க வைக்கும் நடுவர் அவர்களே! எதிரணியில் கூப்பனோடு வந்து அமர்ந்திருக்கும் சொற்போர் நண்பர்களே! கலிபோர்னியாவின் இர்வைன் நகரத்துத் தமிழ்ப் பெருமக்களே! பேரப்பிள்ளையைக் கொஞ்ச ஆறு மாத விசாவில் வந்து, அஞ்சு மாசமா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே! (சிரிப்பு)

தமிழ் வாத்தியாருக்கும் மெக்சிகோ சாப்பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சிக்கல் இருக்கு. ‘டாக்கோ’ என்று எழுதவே எங்கள் இலக்கணம் இடம் தராது. ‘ட’ சொல்லுக்கு முதலில் வரக்கூடாது. ஆனால் நன்னூலார் தடுத்ததை நம்ம நாக்கு அனுமதிச்சிடுச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொன்று பாருங்கள். சோளமாவில் தட்டும் ரொட்டிக்கு ‘டோர்டியா’ என்று பெயர். எழுதுவது இரண்டு ‘எல்’. மெக்சிகோக்காரர் வாயில் வருவது ‘ய’. நம்ம எதிரணித் தம்பி அதை ‘டார்டில்லா, டார்டில்லா’ என்று பதினைந்து தடவை சொன்னார். தம்பி, நம்ம சென்னையில் ‘வாழைப்பழம்’ என்று எழுதி ‘வாயப்பயம்’ என்று சொல்வதில்லையா? அதே கதைதான் அங்கேயும்! (பலத்த சிரிப்பு)

சரி, வாதத்துக்கு வருகிறேன். எதிரணியினர் மூன்று அம்பு விட்டார்கள். கம்பெனிக் கடையில் காரை விட்டு இறங்கவே வேண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ருசி. சைவம் எது, அசைவம் எது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இந்த மூன்றுதான்.

முதல் அம்பு. இறங்க வேண்டாம். ஜன்னல் வழியாகப் பணம் கொடுத்து, ஜன்னல் வழியாகப் பொட்டலம் வாங்கி, ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு சாப்பிடலாம். ஐயா, அதற்குப் பெயர் சாப்பாடா? வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது டிரைவருக்கும் போடுவது! (சிரிப்பு)

இரண்டாவது அம்பு. எல்லா ஊரிலும் ஒரே ருசி. நான் கேட்கிறேன்: எல்லா ஊரிலும் ஒரே ருசி என்றால் அது எந்த ஊர் ருசி? (கைதட்டல்) மதுரைச் சட்னி வேறு, கோவைச் சட்னி வேறு என்று சண்டை போடுகிற ஜாதி நாம். மெக்சிகோவும் அப்படித்தான். வஹாக்கா பக்கம் ‘மோலே’ என்று பல மசாலா அரைத்த கெட்டிக் குழம்பு. யுகட்டான் பக்கம் வாழையிலையில் கட்டி வேகவைத்த இறைச்சி. வடக்கே சொனோரா பக்கம் கோதுமை ரொட்டி. இதையெல்லாம் ஒரே உறைக்குள் போட்டு ஒட்டினால் அது உணவு இல்லை, தபால்!

மூன்றாவது அம்பு சைவம். இதில் நியாயம் இருக்கு, மறுக்க மாட்டேன். குடும்பக் கடையில் பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். சிவப்புச் சோற்றைக் கோழிக் குழம்புத் தண்ணியில் வேகவைப்பதும் உண்டு. நம்ம சைவக்காரர் அட்டையைப் பார்த்து ‘அரிசி, பீன்ஸ்தானே’ என்று தைரியமா சாப்பிட்டுவிடுவார். அதற்கு மருந்து என்ன? வாயைத் திறந்து கேட்பது! ‘சின் மாந்தேகா?’ என்றால் ‘கொழுப்பு இல்லாமலா?’ என்று அர்த்தம். கேட்டுப் பாருங்கள். கல்லாவில் இருக்கிற அம்மா உள்ளே குரல் கொடுப்பார். சமைத்தவரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இது ஆகும், இது ஆகாது, இதை வேணும்னா உங்களுக்காக எண்ணெயில் செய்து தருகிறேன் என்பார். கம்பெனிக் கடையில் பதில் அட்டையில் இருக்கு. குடும்பக் கடையில் பதில் ஆளிடம் இருக்கு. அதுதான் ஐயா வித்தியாசம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, தமிழில் ‘விருந்து’ என்றொரு சொல். இன்றைக்கு நாம் வடை பாயசத்தை விருந்து என்கிறோம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. பிறகு புதிதாக வந்த மனிதருக்குப் பெயராயிற்று. வள்ளுவர் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் வைத்தாரே, அது சமையல் குறிப்பு இல்லை. வந்த ஆளைப் பேணுவது. ஆள்தான் விருந்து, சாப்பாடு அப்புறம். ஜன்னலில் பொட்டலம் நீட்டும் இடத்தில் சாப்பாடு இருக்கு. விருந்து எங்கே இருக்கு? (கைதட்டல்)

இப்போது அடுப்பங்கரைக்குள் போவோம். டோர்டியா எப்படிச் செய்கிறார்கள்? காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, அரைக்கிறார்கள். அந்த மாவுக்கு ‘மாசா’ என்று பெயர். மாசா, மாவு, ஒட்டுறவு இல்லாமலே ஒரு ஒற்றுமை! வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்பில் ஒரு பெரிய சங்கதி இருக்கு.

கொலம்பஸ் போய் வந்த பிறகு மக்காச்சோளம் கப்பலேறி ஐரோப்பா போயிற்று. சோளம் மட்டும்தான் போயிற்று. சுண்ணாம்பில் ஊறவைக்கும் பக்குவம் அந்தப் பெண்களின் கையிலேயே தங்கிவிட்டது. விளைவு? பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. பெல்லாக்ரா என்ற நோய். இருபதாம் நூற்றாண்டில் இதே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லட்சக்கணக்கான பேரை அது வாட்டியது. காரணம், சோளத்திலுள்ள நியாசின் என்ற சத்து சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேரும். மெக்சிகோப் பாட்டி எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. எத்தனையோ தலைமுறையாக அவள் பிள்ளைகளுக்கு அந்த நோய் அண்டாமல் காத்தது அவள் கை! (பலத்த கைதட்டல்)

எல்லாச் சின்னக் கடையிலும் சோளத்தை ஊறவைத்து அரைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் பக்கத்து டோர்டியாக் கடையில் வாங்குகிறார்கள். நான் சொல்வது இதுதான்: பொருள் ஊர் மாறும், பக்குவம் ஆளோடுதான் வரும். ஆளை விட்டுவிட்டுப் பண்டத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு ஒரு தடவை பாடம் நடத்திவிட்டது.

நமக்கும் அவர்களுக்கும் பழைய கொடுக்கல் வாங்கலும் உண்டு. மிளகாய் அவர்கள் பக்கத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து, நம்ம குழம்பில் குதித்து, நம்ம ஊர்க்காரன் மாதிரியே உட்கார்ந்துவிட்டது. பதிலுக்குப் புளி அங்கே போயிற்று. இன்றைக்கும் குடும்பக் கடைகளில் பெரிய கண்ணாடி ஜாடியில் பழுப்பு நிறப் பானகம் இருக்கும். ‘தமரிந்தோ’ என்பார்கள். ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே போய் கோக் கேட்கிறானே நம்ம பையன், அவனை என்ன செய்ய! (சிரிப்பு)

இந்தக் கொடுக்கல் வாங்கல் சம்பந்தமாகவே ஆனதும் உண்டு. இந்த மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் பண்ணை வேலைக்கு வந்த பஞ்சாபிகள், அன்றைய சட்டங்களால் ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவர முடியாமல், மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். வடக்கே யூபா சிட்டியில் அப்படி ஒரு குடும்பம் 1954-இல் ‘எல் ராஞ்செரோ’ என்று ஓட்டல் திறந்தது. ரொட்டிக்குள் சீஸ் வைத்து மடித்த பண்டம் அங்கே பேர் போனது. அட்டைக்காரன் கண்டுபிடித்த பலகாரம் இல்லை அது, மாமியாரும் மருமகளும் கண்டுபிடித்தது! (சிரிப்பு, கைதட்டல்)

இனி என் முக்கியமான சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். சான் பெர்னார்டினோ. பழைய 66-ஆம் சாலை. 1937-இல் லூசியா ரோட்ரிகஸ் என்ற அம்மையார் அங்கே ‘மிட்லா கஃபே’ என்று ஒரு சின்னக் கடை தொடங்கினார். டோர்டியாவை மடித்துப் பொரித்து, உள்ளே கொத்துக்கறி, கீரை, தக்காளி, சீஸ். எதிர்ச் சாரியில் ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தார் கிளென் பெல் என்ற இளைஞர். தினமும் எதிர்க்கடையில் கூட்டத்தைப் பார்த்தார், போய்ச் சாப்பிட்டார், செய்முறையைத் தெரிந்துகொண்டார். டோர்டியாவை மொத்தமாகப் பொரிக்கக் கம்பிச் சட்டம் செய்தார். 1950-களின் தொடக்கத்தில் 19 சென்டுக்கு டாக்கோ விற்றார். 1962-இல் டௌனி என்ற புறநகரில் தன் பெயரிலேயே கடை திறந்தார். அதுதான் டாக்கோ பெல். இன்றைக்கு இந்த நாட்டில் மட்டும் 7,000-க்கும் மேற்பட்ட கடைகள்.

அவர் உழைப்பாளி. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. நான் பழிக்கவில்லை. டௌனியில் திறந்த அந்த முதல் கட்டடத்தை 2015-இல் அப்படியே பெயர்த்து வண்டியில் ஏற்றி, இதே இர்வைனிலுள்ள தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் மாணவர் படித்த கட்டடத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால், பாடம் சொன்ன வாத்தியாரம்மாவுக்கு? மிட்லா கஃபே அதே தெருவில் அதே குடும்பத்தின் கையில் இன்றும் நடக்கிறது. நாம போயிருக்கோமா? (நீண்ட கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது.) நடுவர் மணி அடிக்கிறார். இரண்டே நிமிஷம் ஐயா! சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள்! (சிரிப்பு)

அந்த மிட்லா கஃபேயில் டாக்கோ மட்டும் பரிமாறவில்லை. அந்த ஊர்ப் பூங்காவின் நீச்சல் குளத்தில் மெக்சிகோ வம்சத்தார் இறங்கக்கூடாது என்று தடுத்தார்கள். எதிர்த்துப் போராடியவர்கள் கூடிப் பேசிய இடங்களில் ஒன்று அந்தக் கடை. 1943-இல் வழக்குப் போட்டார்கள். 1944-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கை நடத்திய டேவிட் மார்க்கஸ் என்ற வழக்கறிஞரேதான் அடுத்து இந்த ஆரஞ்சு மாவட்டத்துக்கு வந்தார். வெஸ்ட்மின்ஸ்டர், சாண்டா அனா பள்ளிகளில் மெக்சிகோப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததை எதிர்த்து மெண்டெஸ் குடும்பம் போட்ட வழக்கில் வாதாடினார். 1946-இல் வெற்றி, 1947-இல் மேல்முறையீட்டிலும் வெற்றி. அதே ஆண்டு, சீன ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைக்க இடம் தந்த சட்டப் பிரிவையும் கலிபோர்னியா நீக்கியது.

தாய்மார்களே, காலையில் உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, யார் பக்கத்தில் உட்காருவான் என்ற கவலையே இல்லாமல் திரும்புகிறீர்களே? அந்த நிம்மதிக்குப் பின்னால் இந்த மாவட்டத்து மெக்சிகோ அம்மா அப்பாக்களின் கண்ணீர் இருக்கு. சான் பெர்னார்டினோவின் ஒரு சின்ன ஓட்டல் மேசையும் இருக்கு. கம்பெனிக் கடையில் பசி தீரும். சின்னக் கடையில் ஒரு சமூகமே உட்கார்ந்து பேசும்! (எழுந்து நின்று கைதட்டல்)

நாமும் வந்தவர்கள்தான். நாளைக்கு நம்ம ஆயாவின் ரசத்தை ஒருவர் பொட்டலம் கட்டி ஏழாயிரம் கடையில் விற்கலாம். அப்போது ‘இது எங்க பாட்டி கைப்பக்குவம், ஒரு தடவை எங்க வீட்டு வாசலுக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்க’ என்று நாம் ஏங்க மாட்டோமா? அந்த ஏக்கத்தோடு ஒரு அம்மா பக்கத்து ஊர் சாண்டா அனாவில் அடுப்பு மூட்டியிருக்கிறார். இர்வைனிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். காரை விட்டு இறங்குங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சமைத்தவர் பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்த அம்மா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்தக் கூப்பனிலும் கிடைக்காத தள்ளுபடி அது!

ஆகவே நடுவர் அவர்களே, வயிற்றை நிறைப்பது எந்தக் கடையாகவும் இருக்கட்டும். மனத்தை நிறைப்பது குடும்பக் கடையே, குடும்பக் கடையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)