தேங்காய் எண்ணெயும் ஒரு சொல்லும்

(தோ பாயோவில் நடைபெற்ற பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)

 

பெரிய விஷயம் எதுவும் நான் பேசப் போவதில்லை. ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போன மாதம் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. என் மனைவி எண்ணெய் பாட்டிலை இரவு முழுதும் ஏர்கான் அறையில் வைத்துவிட்டாள். காலையில் பார்த்தால், எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகி இருந்தது. கெட்டுப்போச்சு என்று நினைத்து என் பேரன் அதைக் குப்பையில் போட்டுவிட்டான்.

"ஐயோ ராசா, அது கெடலடா, உறைஞ்சிருக்கு!" என்றாள் பாட்டி.

"உறைஞ்சிருக்குன்னா என்ன பாட்டி?" என்றான் அவன்.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

பிள்ளைகளே, தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஊரில் மார்கழிப் பனியில் உறைந்துவிடும். வெயிலில் வைத்தால் உருகிவிடும். சிங்கப்பூர் வெக்கையில் அது உறைவது அபூர்வம். காணாத பொருளுக்குச் சொல் எப்படி வரும்?

முன்பு இந்தத் தீவிலேயே தென்னந்தோப்புகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கத்தோங் வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. காவல்துறைத் தலைவராக இருந்த தாமஸ் டன்மனுக்கும் அங்கே ஒரு தோப்பு உண்டு.

முற்றிய தேங்காயை உடைத்துப் பருப்பைக் காயவைத்தால் கொப்பரை. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் எண்ணெய்தான். செக்கில் ஆட்டினால் எண்ணெய் பிரியும். மிஞ்சுவது பிண்ணாக்கு, அது மாட்டுக்குத் தீனி. கொப்பரை என்ற இந்தச் சொல் மலையாளக் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்கே போயிருக்கிறது. கடல் கடந்த சொல்லை நம் வீட்டுப் பிள்ளை விட்டுவிடலாமா?

அன்று நான் பாட்டிலை எடுத்துக் கழுவி, வெயில் விழும் சன்னலோரம் வைத்தேன். பேரனும் பாட்டியும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். "உருகுது பாட்டி!" என்று அவனே சொன்னான். அன்று அவனுக்குக் கிடைத்த சொற்கள் இரண்டு.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசோடு வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குப் போங்கள். ஒரு பொருளைக் காட்டி, "இதுக்குத் தமிழில் என்ன பேர்?" என்று பாட்டியிடம் கேளுங்கள். அவர்களுக்கு அதுதான் பரிசு.