சொன்னவன் யார்?



செகப்பிரியரின் நாடகங்களினின்று சாவு பற்றியும் மாந்த இயல்பு பற்றியும் சில வரிகளைக் கிள்ளியெடுத்து, நாட்காட்டித் தாளிலும் கட்டுரை முகப்பிலும் ஒட்டிவைக்கும் வழக்கம் மிகுந்துள்ளது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளை எண்ணுங்கால் கூற்று, கேட்போர், களன் என்பனவற்றையும் எண்ணினார். சொன்னவன் யார்? யாரிடம்? எவ்விடத்து? இவ்வினாக்களை விடுத்தால் நாடகவரி பொய்யாகிவிடும்.

வாழ்க்கை பொருளற்றது எனப் புலம்பும் பேச்சைச் செகப்பிரியரின் மெய்யறிவு என்கின்றனர். அன்று! அது மாக்குபெத்தின் கூற்று. உறங்கிய அரசனைக் கொன்று, நண்பனைக் கொல்வித்து, ஒருவனுடைய மனைவி மக்களையும் வெட்டுவித்தவன் அவன். பகைப்படை நெருங்கும் வேளையில் மனைவி இறந்த செய்தி வருகிறது. அழவும் அவனுக்கு இயலவில்லை. தன் வாழ்வைத் தன் கையாலேயே பாழாக்கியவன், வாழ்க்கையே பாழ் என்கிறான்.

தன் நெஞ்சுக்கு நேர்மையாய் நடக்குமாறு மகனுக்கு அறிவுரைக்கும் பொலோனியசை, ஆசிரியர் சிலர் அறவோனாகவே காட்டுகின்றனர். அம்மகனையே வேவு பார்க்கப் பின்னர் ஆள் விடுகிறான் அவன்! திரைமறைவில் ஒட்டுக்கேட்டு நிற்கையில்தான் குத்துண்டு மடிகிறான். இதனை மறைத்து அறிவுரையை மட்டும் நெட்டுருப் போடவைத்தல் மாணவர்க்கு இழைக்கும் தீங்கு.

ஏறத்தாழ 1600இல் எழுந்த அந்த 'ஆம்லெத்து' நாடகத்தில் என் நெஞ்சில் நிற்பது இடுகாட்டுக் காட்சியே. குழிவெட்டி பாடிக்கொண்டே மண்ணை அள்ளுகிறான். பிணம் மண்ணில் எத்துணைக் காலம் கெடாதிருக்கும் என்கிறான் இளவரசன். எட்டொன்பது ஆண்டு, தோல் பதனிடுவோனாயின் ஒன்பதாண்டும் தாங்குவான், தொழிலால் அவன் தோலே பதப்பட்டு நீர் இறங்காது என்கிறான் குழிவெட்டி. என்ன நயம்! கற்றவன் சாவைச் சொல்லால் சுற்றிச்சுற்றி வருகிறான். மண்வெட்டி பிடித்தவனுக்கோ அது நாட்கூலி.

பின்னர், 23 ஆண்டு மண்ணுள் கிடந்த மண்டையோடு ஒன்றைக் காட்டி, அரண்மனைக் கோமாளி யோரிக்கினுடையது என்கிறான். இளவரசனின் சொல்லாட்டம் தடுமாறுகிறது. சிறு அகவையில் தன்னை முதுகில் சுமந்து விளையாட்டுக் காட்டியவன் அல்லவா! அந்த ஓட்டைக் கையில் ஏந்தி எத்தனையோ பேசுகிறான். ஆனால் அக்குழி யாருக்கென்று அவன் அறியான். ஒபீலியாவின் பிணம் வந்துகொண்டிருக்கிறது.