தோமஸ் ஹியூஸும் விடுதிப் பாடசாலை நாவலும்



ஆங்கிலேயரின் விடுதிப் பாடசாலை வாழ்க்கையைச் சித்திரிக்கும் நாவல்களைப் பற்றிப் பேச முற்படும்போது, முதலில் நினைவுக்கு வருவது 'டொம் பிரவுணின் பாடசாலை நாட்கள்' என்ற நூலாகும். 1857ஆம் ஆண்டு வெளியான இந்நாவலின் முதற் பதிப்பில் ஆசிரியரின் பெயர் இருக்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் எழுதியது என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பழைய மாணவர்தான் தோமஸ் ஹியூஸ்.

1822இல் பிறந்த ஹியூஸ், 1834இல் றக்பி பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர் ஒக்ஸ்போர்டில் பயின்று சட்டத்தரணியானார். 1865 முதல் 1874 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார்; பிற்காலத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். 1854இல் லண்டனில் தொழிலாளர் கல்லூரியைத் தொடங்க முன்னின்றவர்களுள் இவரும் ஒருவர். எழுத்து இவருடைய தொழிலன்று. தமது எட்டு வயது மகன் றக்பிக்குப் போகவிருந்த வேளையில், அவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று யோசித்ததன் விளைவே இந்நாவல்.

பாடசாலைக் கொடுமைகள் ஆங்கில நாவலுக்கு அப்போது புதியவை அல்ல. சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'நிக்கலஸ் நிக்கல்பி', ஷார்லட் பிரான்டியின் 'ஜேன் அயர்' ஆகியவற்றில் அவற்றைக் காண்கிறோம். ஆனால் அங்கே கொடுமை செய்பவர்கள் பாடசாலையை நடத்தும் பெரியவர்கள். ஹியூஸ் காட்டுவது வேறு. ஆசிரியர்கள் தூங்கப் போன பின்னர், பையன்களே பையன்களுக்குச் செய்யும் கொடுமை அது.

றக்பியில் அப்போது அதிபராக இருந்தவர் புகழ்பெற்ற கல்விமான் தோமஸ் ஆர்னல்ட். ஆறாம் படிவத்து மூத்த மாணவரிடமே விடுதியின் ஒழுங்கை அவர் ஒப்படைத்திருந்தார். சின்னப் பையன்கள் அவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும். மூத்தவர் நல்லவராக இருக்கும்வரை ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. அவர்கள் விலகிய பின், ஐந்தாம் படிவத்து பிளாஷ்மன் போன்றவர்கள் இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். டொம் பிரவுணும் நண்பன் ஈஸ்ட்டும் பணிய மறுக்கிறார்கள். ஒருநாள், குதிரைப் பந்தயச் சீட்டு ஒன்றை விற்க மறுத்ததற்காக, பிளாஷ்மனும் கூட்டாளிகளும் டொம்மை எரியும் கணப்பின் முன் பிடித்து நிறுத்தி வாட்டுகிறார்கள். அவன் மயங்கி விழுகிறான். ஆனால் செய்தவர் யார் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

பிற்பாடு பிளாஷ்மன் வெளியேற்றப்படுகிறான். எதற்காக? ஒரு சிறுவனைத் தீயில் வாட்டியதற்காகவன்று, குடித்துவிட்டு வந்ததற்காக. பாடசாலையின் நீதி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இந்த ஓரிடமே காட்டிவிடுகிறது.

நான் இந்நூலை முதலில் ஒரு சுருக்கப் பதிப்பிலேயே படித்தேன். அப்போது நானும் ஒரு விடுதி மாணவன். டொம் வாய் திறக்காததைப் பெரும் வீரமாகக் கருதினேன். ஓர் இரவு, என் பக்கத்துக் கட்டிலில் படுத்த சிறுவனை மூத்த மாணவர் சிலர் எழுப்பிக் கொண்டுபோய் வதைத்தார்கள். மறுநாள் விசாரித்தபோது நான் ஒன்றும் தெரியாதென்றேன். காட்டிக்கொடுக்காதவன் என்ற நல்ல பெயர் எனக்குக் கிடைத்தது. அந்தச் சிறுவன் அடுத்த தவணைக்குத் திரும்பி வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து முழு நூலையும் படித்தபோதுதான் என் பிழை புரிந்தது. டொம் மௌனம் காத்தது தனக்கு நேர்ந்ததைப் பற்றி. நான் மௌனம் காத்ததோ இன்னொருவனுக்கு நேர்ந்ததைப் பற்றி. இந்த வேறுபாட்டை ஹியூஸ் தமது நாவலின் இரண்டாம் பாகத்தில் தெளிவாக வைத்திருக்கிறார். ஆர்தர் என்ற நோஞ்சான் பையன் விடுதிக்கு வந்த முதல் இரவில் முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கிறான். ஒருவன் அவன்மீது செருப்பை எறிகிறான். உடனே டொம் தான் கழற்றிய சப்பாத்தை எறிந்தவன் தலைக்கு வீசுகிறான். அடங்காப் பிள்ளையாகத் திரிந்த டொம், ஆர்தரைக் காக்கும் பொறுப்பினாலேயே மனிதனாகிறான். அவனைத் திருத்துவதற்காகவே ஆர்தரை அவனிடம் ஒப்படைத்தவர் ஆர்னல்ட் என்பது, இறுதியாக நடக்கும் கிரிக்கெட் போட்டியன்றுதான் டொம்முக்குத் தெரியவருகிறது.

நாவலில் குறைகள் உண்டு. விளையாட்டுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு சிறு பங்குகூட வகுப்பறைக்குக் கிடைக்கவில்லை. பிற்பகுதியில் போதனை மிகுந்துவிடுகிறது. போதிப்பதே தம் நோக்கம் என்று பின்னைய பதிப்பொன்றின் முன்னுரையில் ஹியூஸே ஒளிக்காமல் சொல்லியிருப்பதால், அவரை இதற்காக அதிகம் குறைகூறவும் முடியாது. 1899இல் கிப்ளிங் எழுதிய 'ஸ்டோக்கி அன்ட் கோ' இத்தகைய போதனைப் பாணியைக் கேலி செய்தது. 1969இல் ஜோர்ஜ் மக்டொனால்ட் பிரேசர், துரத்தப்பட்ட பிளாஷ்மனையே கதாநாயகனாக்கி நாவல் வரிசையொன்றைத் தொடங்கினார். இன்று பலருக்கு டொம்மை விட பிளாஷ்மனைத்தான் நன்கு தெரியும்!

நமது பாடசாலைகளில் உள்ள இல்லங்களும் மாணவர் தலைவர்களும் அந்த ஆங்கிலப் பாடசாலை மரபின் வழியே வந்தவை. பகிடிவதைக்கு எதிராக 1998இல் இங்கே சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் அவசியமானது. ஆனால் சட்டம் வேலை செய்ய வேண்டுமானால், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவன் வாய் திறக்க வேண்டும்.

இந்நூலைச் சுருக்கத்தில் மட்டும் படித்தவர்கள், குறிப்பாக ஆசிரியர்களாக இருப்பவர்கள், ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஆர்தர் வரும் பகுதியைச் சற்று நிதானமாகவே படியுங்கள்.